தினமும் எட்டு ஐம்பதுக்கு ஒரு பிழை

போன வாரம் நம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கம்பெனியின் பெங்களூர் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது, புதிதாகச் சேர்ந்த உங்களில் ஒருவர் கேட்டார்: "இத்தனை வருஷத்துல மறக்கவே முடியாத எரர் எது மேடம்?" நான் யோசிக்காமல் "பேட் பிளாக்" என்றேன். எல்லாரும் சிரித்துவிட்டீர்கள். ஹார்ட் டிஸ்க்கில் ஏதோ ஓர் இடம் கெட்டுவிட்டது, அங்கே இருப்பதைப் படிக்க முடியவில்லை என்று கணினி தன் லாக்கில் எழுதிவைக்கும் சாதாரண வரி அது. வாரத்துக்கு நாலு தடவை பார்ப்பீர்கள். அதைப் போய் மறக்க முடியாதது என்கிறாரே இந்த அம்மா என்று தோன்றியிருக்கும். எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் விளக்காமல் கிளம்பிவிட்டேன். இப்போது ஓய்வு பெற்ற மனுஷி. உட்கார்ந்து எழுத நேரம் இருக்கிறது.

நான் பிறந்தது கோலார் தங்க வயலில், சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த ஸ்கெலட்டன் லைனில். சுரங்கத்தை மூடிய பிறகு எங்கள் பக்கத்து ஆட்கள் பாதிப் பேர் காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போனார்கள். நானும் பதினாறு வருஷம் போனேன். பிறகு முழங்கால் தகராறு செய்ய ஆரம்பித்ததும், தங்க வயல் பக்கத்து வாடிக்கையாளர்களை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. பள்ளிக்கூடங்கள், மருந்துக் கடைகள், சில ஆபீஸ்கள், ஒரு ஸ்கேன் சென்டர். ஒரு ஸ்கூட்டர், ஒரு பை. இந்தக் கதை அந்த ஸ்கேன் சென்டரில் நடந்தது.

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு மாடிக் கட்டிடம். கீழே எக்ஸ்ரே, மேலே ரத்தப் பரிசோதனை. வருகிறவர்களில் நிறையப் பேர் பழைய சுரங்கத் தொழிலாளர்கள். பாறைத் தூசி உள்ளே போய்ப் படிந்த நெஞ்சு. ஆறு மாதத்துக்கு ஒரு தரம் படம் எடுத்துப் பார்க்க வேண்டியவர்கள். காலை எட்டரைக்கே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். அவர்கள் உட்கார்ந்திருந்தால் அந்தக் கூடம் முழுக்க மூச்சுச் சத்தம் கேட்கும். பேச்சை விட அதுதான் அதிகம்.

கவுண்டரில் கோகிலா என்று ஒருவர் இருந்தார். ஐம்பது வயது இருக்கும். பெயர் பதிவது, பழைய படங்களைத் தேடி எடுத்து டாக்டருக்கு அனுப்புவது, ரிப்போர்ட் அச்சடிப்பது எல்லாம் அவர்தான். எக்ஸ்ரே படங்கள் எல்லாம் அவருடைய கணினியில்தான் சேர்ந்துகொண்டிருந்தன. அந்தக் கணினி ஸ்லோ என்று புகார் வந்து முதல் தடவை போனேன்.

அன்றைக்கு எனக்கு அது மூன்றாவது இடம். இன்னும் இரண்டு பாக்கி. லாக்கைத் திறந்தேன். சிவப்புப் புள்ளிகள் பக்கம் பக்கமாக இறங்கின. ஒன்றிரண்டைப் பார்த்தேன். பேட் பிளாக், பேட் பிளாக். பழைய டிஸ்க், எந்தக் கணினியில் இல்லை என்று நினைத்தேன். தேவையில்லாமல் பின்னால் ஓடிய மென்பொருள்களை நிறுத்தினேன், குப்பைக் கோப்புகளை நீக்கினேன், கடைசியில் லாக்கையும் அழித்தேன். திரை சுத்தமாக இருந்தது. கணினியும் கொஞ்சம் வேகமாகத்தான் ஓடியது.

"ஆய்த்தா மேடம்?" என்று மேனேஜர் கேட்டார். முடிந்ததா என்று கன்னடத்தில் கேட்பதும், மீதியைத் தமிழில் பேசுவதும் அவர் பழக்கம்.

"ஆச்சு சார். ஒரு சிவப்பு கூட இல்ல, பாருங்க" என்று திரையைத் திருப்பிக் காட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. சிவப்பு ஏன் வந்தது என்று பார்க்கவில்லை. வந்த சிவப்பைத் துடைத்துவிட்டுப் பெருமையாகக் காட்டினேன்.

நாலாம் நாள் மறுபடி அழைப்பு. இந்தத் தடவை மேனேஜரின் குரலே வேறாக இருந்தது. காலையிலிருந்து இரண்டு படம்தான் வெளியே போயிருக்கிறது, டாக்டர் கத்துகிறார், உடனே வாங்க.

போனேன். பெஞ்ச் நிறைந்து வாசல் வரை ஆட்கள் நின்றிருந்தார்கள். லாக்கைத் திறந்தால் நான் துடைத்த இடத்தில் மறுபடி சிவப்பு. ஆனால் துடைத்த பிறகு நாலு நாள் கணக்குதான் என்பதால் ஒன்று கண்ணில் பட்டது. பகலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிழைகள் இருந்தன. காலை எட்டு ஐம்பதுக்கு மட்டும், எந்த நாளும் தவறாமல், முப்பது நாற்பது பிழைகள் கொத்தாக விழுந்திருந்தன. செவ்வாய், புதன், வியாழன், இன்று. அதே நேரம்.

கண்டுபிடித்த சந்தோஷம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். வாய் சும்மா இருக்காது. நான் நாற்காலியில் திரும்பி, மேனேஜரும் பெஞ்சில் இருந்தவர்களும் கேட்கிற மாதிரி கேட்டேன்:

"கோகிலாம்மா, தினமும் காலையில எட்டு ஐம்பதுக்கு இந்தக் கம்ப்யூட்டர்ல இன்னா பண்றீங்க?"

அவர் கையில் இருந்த சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கை நின்றது. முகம் அப்படியே இறுகிவிட்டது.

"ஒண்ணும் இல்லியே மேடம்."

"இல்ல, எட்டு ஐம்பதுக்கு ஏதோ ஒண்ணு திறக்குது. தினமும்."

மேனேஜர் முன்னால் வந்தார். "ஒம்பது மணிக்குத்தானே கவுண்டர் திறக்கறோம்? அதுக்கு முன்னாடி இன்னா வேலை இதுல? வீடியோ பார்க்கறதா? ரெண்டு மாசமா நான் பேஷண்டுங்ககிட்ட பேச்சு வாங்கறேன், இவங்க வீடியோ பார்க்கறாங்களா?"

"வீடியோ எல்லாம் இல்ல சார்" என்றார் கோகிலா. காதோரம் சிவந்துபோயிருந்தது.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "மேடம், ரிப்போர்ட்ல தெளிவா எழுதிக் குடுத்துடுங்க. மெஷின்ல தப்பு இல்ல, ஆபரேட்டர் தப்புன்னு. மீதியை நான் பார்த்துக்கறேன். சின்னப் பசங்க எத்தனை பேர் வேலை கேட்டு வர்றாங்க."

அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. கணினி தன் வலியை எழுதிவைத்த இடத்தில், ஒரு மனுஷியின் காலை நேரமும் சேர்ந்து பதிவாகியிருந்தது. அதை நான் தனியாகக் கேட்டிருக்க வேண்டும். ஒரு நிமிஷம் உள்ளே கூப்பிட்டுக் கேட்டிருந்தால் போதும். கூடத்தின் நடுவில் வைத்துக் கேட்டு, அவருடைய வேலைக்கே உலை வைத்துவிட்டேன். டிஸ்க் கெட்டிருக்கிறதா, பயன்படுத்துகிறவர் கெடுக்கிறாரா என்று எனக்கே இன்னும் தெரியாத நேரம் அது.

நான் வாயைத் திறப்பதற்குள் வரிசையில் இருந்து ஒரு பெரியவர் கவுண்டருக்கு வந்தார். பெயர் முனிசாமி. கையில் ஒரு டாக்டர் சீட்டு. பேசுவதற்கு முன் இரண்டு தரம் மூச்சு வாங்கிக்கொண்டார்.

"அம்மா, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இங்க எடுத்த படம் வேணும். நாளைக்குக் காலையில பெங்களூர் பெரிய ஆஸ்பத்திரியில காட்டணும். இன்னைக்கு சாயங்கால ரயிலுக்குப் போறேன்."

"உங்ககிட்ட குடுத்த பிலிம் இல்லியா?" என்றார் மேனேஜர்.

"மழையில கூரை ஒழுகி நனைஞ்சு போச்சு சாமி. ஒட்டிக்கிச்சு." அவர் சீட்டை நீட்டினார். வலது நுரையீரலில் ஒரு புள்ளி தெரிகிறது. பழைய படத்திலும் அது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் சதை எடுத்துச் சோதிக்க வேண்டியிருக்கும் என்று எழுதியிருந்தது. அந்த வயதில், அந்த மூச்சில், நெஞ்சில் ஊசி விடுவது சின்ன விஷயம் இல்லை.

கோகிலா பெயரைப் போட்டுத் தேடினார். படத்தைத் திறந்ததும் கணினி அப்படியே நின்றது. டப்பாவுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. டிக். டிக். டிக். நகத்தால் தகரத்தைத் தட்டுவது போல. லாக்கில் சிவப்பு வரிகள் விழுந்துகொண்டே இருந்தன.

"ரிப்பேர் டூல் ஒண்ணு இருக்குதே மேடம், அதைப் போட்டு சரி மாடி குடுங்க" என்றார் மேனேஜர், சரிசெய்து தரச் சொல்லி, அவசரத்தில் கன்னடமும் தமிழும் கலந்து. என் கையும் அதற்குத்தான் போனது. டிஸ்க்கைச் சரி பார்க்கும் கட்டளை. ஓட விட்டால் திரையில் ஏதோ நகரும், எல்லாரும் கொஞ்சம் அமைதியாவார்கள். வரிசை பார்க்கிறது, மேனேஜர் பார்க்கிறார், பெரியவர் பார்க்கிறார். அந்த நேரத்தில் எதையாவது செய்கிற மாதிரி தெரிவது பெரிய ஆறுதல்.

கையை நிறுத்திவிட்டு, வெளியே படிக்கட்டுக்கு வந்து பெங்களூருக்குப் போன் போட்டேன். எங்கள் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். டிஸ்க்கிலிருந்து தரவை மீட்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. சத்தத்தைப் பற்றிச் சொன்னதுமே குறுக்கிட்டார்.

"அக்கா, மொதல்ல கரண்ட்டை நிறுத்துங்க. ரிப்பேர் எதுவும் ஓட விடாதீங்க. சாகப்போற டிஸ்க்கை மூலை மூலையா ஓட வெச்சா வழியிலயே செத்துடும்."

"பேக்கப் இருக்கும். அதுல பார்க்கட்டுமா?"

"பாருங்க. ஆனா நம்பாதீங்க."

பேக்கப்புக்கென்று வெளியே ஒரு டிஸ்க் வைத்திருந்தார்கள். என் லேப்டாப்பில் சொருகிப் பார்த்தேன். முழுதாக இல்லை. பழைய பிரதியை அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவது அந்த மென்பொருளின் வழக்கம். கெட்ட இடம் வந்ததும் பாதியில் நின்றுபோயிருக்கிறது; எத்தனையோ நாளாக அப்படித்தான். முனிசாமியின் படம் அதில் இல்லை.

பேக்கப் நின்றுபோன செய்தியும் லாக்கில் வந்திருக்க வேண்டும். வந்திருக்கும். முதல் நாள் நான் அழித்த பக்கங்களில் அதுவும் போயிருக்கும். அன்றே படித்திருந்தால் நாலு நாளுக்கு முன்னால் இந்த டிஸ்க்கை நல்ல நிலையிலேயே மாற்றியிருக்கலாம். படிக்கட்டில் நின்றபடி இதைப் போனில் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை.

"சரி அக்கா. அது அப்புறம். இப்ப டிஸ்க்கைக் கழட்டி உங்க லேப்டாப்ல மாட்டுங்க. எல்லாத்தையும் காப்பாத்தணும்னு ஆரம்பிக்காதீங்க. எது கிடைக்கலேன்னா ஒரு ஆளுக்கு இன்னைக்கே கஷ்டமோ, அதை மொதல்ல எடுங்க. அடுத்தது அப்புறம்."

உள்ளே வந்து கணினியை நிறுத்தினேன். மேனேஜர் பதறினார். "நிறுத்திட்டீங்களா? வரிசை எவ்வளவு பாருங்க மேடம்!"

"சார், டிஸ்க் போகப் போகுது. இன்னும் ஒரு மணி நேரம் ஓட விட்டா எல்லாரோட படமும் போயிடும். இன்னைக்கு வர்ற புதுப் படங்களை எக்ஸ்ரே மெஷின்லயே வெச்சுக்கச் சொல்லுங்க. பேரை நோட்டுல எழுதிக்கலாம். மூணு மணி வரைக்கும் எனக்கு விடுங்க."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு டாக்டரைப் பார்க்கப் போனார். நான் முனிசாமியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். கிடைக்குமா என்று உறுதியாகத் தெரியாது என்றும் சொன்னேன்.

"ஒக்காந்துக்கினு இருக்கேன் தாயி. எனக்கு இன்னா, ஷிப்டுக்கா போவணும்?" என்றார். பக்கத்தில் இருந்தவர் சிரித்தார்.

பழைய பைல்கள் வைக்கும் சின்ன அறையில் ஒரு மேசை கொடுத்தார்கள். டிஸ்க்கைக் கழற்றி மாட்டினேன். கோப்புகள் எங்கே எந்தப் பெயரில் இருக்கின்றன என்று சொல்ல கோகிலாவைக் கூப்பிட்டேன். அவர் வந்து கதவருகே நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"கோகிலாம்மா, காலையில அத்தனை பேர் முன்னாடி அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. தப்பு என்னுது" என்றேன். "இன்னா பண்றீங்கன்னு இப்பவும் நான் கேக்கல. எனக்கு அது வேணாம். ஆனா இந்த டிஸ்க் எவ்ளோ நேரம் ஓடும்னு தெரியல. முனிசாமி தாத்தாவோட படம் தவிர, கண்டிப்பா வேணும்னு நீங்க நினைக்கிறது எதுனா இருந்தா சொல்லுங்க. வரிசை போட்டுக்கலாம்."

அவர் கதவைச் சாத்தினார். பிறகு வந்து உட்கார்ந்தார்.

"ஒரு படம் கீது மேடம். எங்க நைனாவோடது."

நைனா என்றால் அப்பா. அவர் நந்திதுர்க் சுரங்கத்தில் டிரில் ஓட்டியவர். தூசி நெஞ்சுக்குப் போயிற்று, சத்தத்தில் காது போயிற்று. கடைசி வருஷத்தில் மகள் வேலை செய்யும் இந்த இடத்துக்கே படம் எடுக்க வந்திருக்கிறார். எக்ஸ்ரே எடுப்பவர் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. இரண்டு தரம் படம் கலைந்துவிட்டது. அப்புறம் கோகிலாவை உள்ளே கூப்பிட்டிருக்கிறார்கள்.

"நான் கதவாண்ட நின்னுக்கினு கத்துறேன் மேடம். மூச்ச இழு நைனா! இழுத்துப் புடி! வுடாத, வுடாத! எங்க நைனா கன்னத்த உப்பிக்கினு, நெஞ்ச நிமுத்திக்கினு நிக்குறாரு. அவருக்கு அவ்ளோ நேரம் மூச்சு புடிக்க வராது. ஆனா எனக்காகப் புடிச்சாரு. படம் ஆனதும் வுடு நைனான்னு சொன்னேன். வுட்டுட்டு, இன்னாடி பாஸாயிட்டனான்னு கேட்டாரு." அவர் சிரித்தார். கண் நிறைந்திருந்தது. "ரெண்டே மாசம். போயிட்டாரு. போட்டோ வூட்ல கீது மேடம், மாலை போட்டு. அதுல அவரு சும்மா உக்காந்துக்கினு இருப்பாரு. இந்தப் படத்துல அவரு மூச்சு உள்ள கீது. அதான் கவுண்டர் தொறக்கறதுக்கு முன்னாடி ஒருவாட்டி பாத்துட்டு வேலைய ஆரம்பிப்பேன். திறக்க ரொம்ப நேரம் ஆவும். வர வரைக்கும் பாத்துக்கினு இருப்பேன். அதனாலதான் மெஷின் கெட்டுச்சா மேடம்?"

"இல்ல" என்றேன். அது உண்மை. அந்தப் படம் பதிந்திருந்த இடம் ஏற்கெனவே கெட்டுக்கொண்டிருந்தது. முனிசாமியின் படமும் அதே மாதத்தில் எடுத்தது. பக்கத்துப் பக்கத்தில் கிடந்திருக்கின்றன. அவர் திறந்ததால் கெடவில்லை, கெட்டுக்கொண்டிருந்ததால்தான் படம் திறக்க நேரமானது.

பிறகு நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். இரண்டு படமும் மோசமான இடத்தில் இருக்கின்றன. ஒன்றை எடுக்கும்போதே டிஸ்க் நின்றுபோகலாம். நின்றால் மற்றது கிடையாது.

அவர் ஒரு வினாடி கூட எடுத்துக்கொள்ளவில்லை. "தாத்தாவோடது மொதல்ல எடுங்க மேடம். அவரு உசுரோட கீறாரு."

நான் வேறு எதற்கும் அவ்வளவு பயந்து ஒரு பொத்தானை அழுத்தியதில்லை. படிக்க முடிந்ததை முதலில் எடுத்துக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடத்துக்குக் கடைசியில் மெதுவாகத் திரும்பும் ஒரு மென்பொருள் என்னிடம் இருந்தது. ஓட விட்டோம். டிக் டிக் சத்தம் வரும், நிற்கும், மறுபடி வரும். இடையில் டிஸ்க் சூடாகிவிட்டது என்று நிறுத்திவைத்தேன். கோகிலா பழைய பைல் அட்டையால் அதற்கு விசிறினார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கொஞ்சம் உதவியிருக்கவும் கூடும்.

ஒன்றே முக்காலுக்கு முனிசாமியின் படம் முழுதாக வந்தது. ஒரு ஓரம் கூடக் குறையவில்லை. டாக்டரே கீழே இறங்கி வந்து பார்த்தார். வலது பக்கம் அதே இடத்தில், அதே அளவில், அந்தப் புள்ளி அப்போதும் இருந்தது. பழைய தழும்பு. பிலிமில் அச்சடித்துக் கொடுத்தோம். முனிசாமி அதை நனையாமல் இருக்கப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, அந்தப் பையை இன்னொரு பைக்குள் வைத்தார். "வர்றேன் தாயி" என்று என்னிடம் சொல்லிவிட்டு, கோகிலாவிடமும் போய்ச் சொல்லிவிட்டு ரயிலுக்குக் கிளம்பினார். மறுநாள் பெங்களூரில் ஊசி தேவையில்லை என்று அனுப்பிவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

அவர் போனதும் கோகிலாவின் அப்பாவின் படத்தை எடுக்க ஆரம்பித்தோம். முக்கால் வாசி சீக்கிரமாக வந்துவிட்டது. அப்புறம் சத்தம் மாறியது. டிக் டிக் போய், ஒரு நீண்ட உரசல். மென்பொருள் திரும்பத் திரும்ப முயன்றது. மூன்று மணிக்குச் சற்று முன் டிஸ்க் சுழல்வதை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு அது ஓடவே இல்லை.

கிடைத்ததைத் திறந்தேன். மேல் பகுதியில், இடது தோளின் குறுக்கே, அகலமான ஒரு கறுப்புப் பட்டை. அந்த இடம் வரவில்லை. அதற்குக் கீழே விலா எலும்புகள், தூசி படிந்த வெள்ளைத் திட்டுகள், விரிந்து நின்ற இரண்டு நுரையீரல்கள் எல்லாம் இருந்தன. நான் கோகிலாவைப் பார்க்கத் துணியாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தோளு போச்சா?" என்றார்.

"ஆமா. அது மட்டும் வரல. மன்னிச்சுக்குங்க."

"போவட்டும் மேடம். அவருக்கு அந்தத் தோளுல எப்பவும் வலிதான்."

மீதிப் படங்களில் பெரும் பகுதி அரைகுறை பேக்கப்பிலிருந்து கிடைத்தது. சில பேருடைய படங்கள் போயே போய்விட்டன. அந்தப் பெயர்களை எல்லாம் கோகிலாவே நோட்டைப் பார்த்து எழுதி, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னார்.

அன்று மாலை ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தேன். மேனேஜர் எதிரில் நின்றார். மெஷின் தப்பு இல்லை, ஆபரேட்டர் தப்பு என்று ஒரு வரி போட்டால் அவருக்கும் நிம்மதி, எங்கள் கம்பெனிக்கும் நிம்மதி. நான் எழுதியது இது: டிஸ்க் நீண்ட நாளாகக் கெட்டுக்கொண்டிருந்தது. பேக்கப் பாதியில் நின்றுகொண்டிருந்தது. இரண்டும் லாக்கில் தெரிந்திருக்கும். முதல் தடவை வந்த எங்கள் ஊழியர் அதைப் படிக்காமல் அழித்துவிட்டார். அந்த ஊழியர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன்.

மேனேஜர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "உங்களுக்கே ஆபத்து ஆச்சே மேடம் இது."

"நடந்தது அதுதான் சார்."

"சரி. காலையில எட்டு ஐம்பதுக்கு அந்தம்மா இன்னா பண்ணுச்சு?"

"பழைய படம் ஒண்ணைத் திறந்து பார்த்திருக்காங்க. திறந்ததால கெடல. அவங்க தினமும் திறக்கலேன்னா அந்தக் கொத்து என் கண்ணுல பட்டிருக்காது. யாரோட படம், எதுக்குன்னு தானே டாக்டர்கிட்ட சொல்றேன்னு சொல்லியிருக்காங்க. அது என் ரிப்போர்ட்ல வர வேண்டிய விஷயம் இல்ல."

அவர் பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தார். கெட்ட மனுஷர் இல்லை; இரண்டு பக்கமும் பேச்சு வாங்குகிறவர். கடைசியில் கையெழுத்துப் போட்டார். வெளியே போகும்போது கவுண்டரில் நின்று, "அம்மா, காலையில கொஞ்சம் ஜாஸ்தி பேசிட்டேன்" என்றார். கோகிலா "பரவால்ல சார்" என்றார்.

எனக்குக் கம்பெனியிலிருந்து மெமோ வந்தது. அந்த வருஷம் பதவி உயர்வும் போயிற்று. இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. உண்மையை எழுதினால் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். கோகிலாவின் வேலை இருந்தது. லாக்கை அழிக்கும் முன் ஒரு பிரதி எடுத்து, அதை உட்கார்ந்து படிக்கும் பழக்கம் எனக்கு வந்தது. ஆளிடம் கேட்க வேண்டியதை ஆளிடம் தனியாகக் கேட்கும் பழக்கமும் வந்தது. முதலாவதை யார் வேண்டுமானாலும் உங்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். இரண்டாவதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் திறக்கும் ஒவ்வொரு கணினியிலும் யாரோ ஒருவருடைய நாள் கிடக்கிறது. எத்தனை மணிக்கு வருகிறார், எதைத் தேடுகிறார், எதைத் திரும்பத் திரும்பத் திறக்கிறார் எல்லாம் உங்களுக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததை எல்லாம் சொல்ல வேண்டியதில்லை.

கோகிலா சொன்னபடியே டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர், நோயாளியின் குடும்பத்தார் படம் கேட்கும் படிவத்தில் அவரை எழுதித் தரச் சொல்லி, படத்தைப் பிலிமில் அச்சடித்துக் கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். கோகிலா கவுண்டரை விட்டு எழுந்து வாசல் வரை என்னோடு வந்தார்.

"படத்த வூட்ல ஜன்னல்ல ஒட்டி வெச்சேன் மேடம். காலையில வெளிச்சம் வந்தா நல்லா தெரியுது. எங்க அம்மாவுக்குக் கண்ணு சரியில்ல. மொதல்ல, இன்னாடி இது எலும்பும் கூடுமான்னு திட்டுச்சு. நைனாதான்மா, நான்தான் மூச்ச இழுத்துப் புடிக்கச் சொன்னேன், புடிச்சுக்கினு நிக்குறாருன்னு சொன்னேன். கிட்ட போயி கைய வெச்சு ரொம்ப நேரம் பாத்துச்சு. அப்புறம் என்னத் திரும்பிப் பாத்து கேக்குது, இன்னும் வுடச் சொல்லலியாடி நீ? பாவம்டி அந்த மனுஷன்."

அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். "வர்றேன் மேடம்" என்று போய்விட்டார். எனக்கு அடுத்த இடத்தில் ஒரு பள்ளிக்கூடம் காத்துக்கொண்டிருந்தது. நான் ஸ்கூட்டரைக் கிளப்பாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டுப் போனேன்.